வைட் தீவில் புதைபடிவ நடை போய் வந்தேன். நம் எண்ணூர்க் கரையில் இப்படி ஒன்று நடத்த முடியுமா?

தண்டையார்பேட்டை வாத்தியார் | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் வந்து சேர்ந்தேன். மகள் இருப்பது இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன். அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரம் போனால் வைட் தீவு. ஐரோப்பாவிலேயே டைனோசர் எலும்பு அதிகமாகக் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகளாக இருந்து, கரையோரமாக நடத்திக் கூட்டிப்போய்ப் புதைபடிவம் தேடச் சொல்லித் தருகிறார்கள். பேரனுக்காகத்தான் போனேன். திரும்பி வரும்போது அவனைவிட எனக்குத்தான் மனம் நிறைந்திருந்தது.

நாங்கள் போனது காம்ப்டன் பே என்ற கரை. செம்மண்ணும் சாம்பல் நிறக் களியும் அடுக்கடுக்காக நிற்கிற செங்குத்துக் கரை. ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுக்கு முன்னால் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் அது. குளிர்காலப் புயலில் கடல் அடிக்க அடிக்கக் கரை சரிகிறது. உள்ளே இருந்த எலும்பும் மரத்துண்டும் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கீழே வந்து விழுகின்றன.

வழிகாட்டியாக வந்தவர் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த அம்மாள். அறுபது வயது இருக்கும். கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனார். எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். கரைச்சுவரின் அடியில் யாரும் நிற்கக்கூடாது, சுத்தியல் எடுத்துச் சுவரைக் கொத்தக்கூடாது, தரையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும்தான் தொடலாம். இது அவருடைய சட்டம்.

பேரன் பதினான்கு கல் பொறுக்கிக்கொண்டு போய் நீட்டினான். அந்த அம்மாள் ஒவ்வொன்றாக வாங்கி, நனைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, "இது கல்", "இதுவும் கல்" என்று சொல்லி, ஏன் கல் என்பதையும் சொன்னார். பதின்மூன்று கல்லுக்கும் அப்படியே. ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. பதினான்காவதைக் கையில் வாங்கியவர் சற்று நின்றார். கறுப்பாக, கட்டைவிரல் அளவில் இருந்தது. உடைந்த முனையில் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள். எலும்பு! துளைக்குப் பதிலாக நீளவாக்கில் இழை ஓடினால் அது மரமாம்.

ஹானோவர் பாயின்ட் என்ற முனையில் மூன்று விரல் பாதங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் முறம் அளவு. முதலில் எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் அவை குழியாக இல்லை, மேடாக நிற்கின்றன. இகுவானடான் வகை டைனோசர் களிமண்ணில் மிதித்த குழியில் மணல் நிரம்பி, அந்த மணல் கல்லாகி, சுற்றியிருந்த களி கரைந்துபோய்விட்டது. நாம் பார்ப்பது இட்லித் தட்டின் குழியை அல்ல, இட்லியை. பேரனுக்கு நான் அப்படித்தான் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டான்.

என் கேள்வி இதுதான். நம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையை உள்ளங்கை மாதிரி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களே வழிகாட்டியாக இருந்து நம் பிள்ளைகளை இப்படி ஒரு நடைக்குக் கூட்டிப்போனால் என்ன?

ராயபுரம் பழசு | பதிவு 2

சார், நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அங்கே கடல் அரித்தால் எலும்பு வெளியே வருகிறது. இங்கே கடல் அரித்தால் எங்கள் வீடு போகிறது. 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. அந்தப் பக்கம் மெரினா அகலமானது, இந்தப் பக்கம் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை கரைந்துகொண்டே போனது. இப்போது நம் கரையில் பாதி, லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்தான். அந்தக் கல்லில் என்ன தேடுவது? பிள்ளைகளை ஏமாற்றுவதாக ஆகிவிடக் கூடாது.

கல்லும் மண்ணும் | பதிவு 3

வணக்கம் சார். நான் வண்ணாரப்பேட்டை. புவியியல் படித்தவள். ராயபுரம் அண்ணன் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், அது சரியான கேள்வி.

தடுப்புக்குக் கொட்டியது குவாரியில் வெடித்து எடுத்த கருங்கல். பூமிக்குள் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான கல்லில் புதைபடிவம் இருக்காது. உதாரணத்துக்கு, பல்லாவரத்துக் கல்லுக்கு உலகப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக்கு இந்த வகைக் கல்லைப் போட்டிருந்தார்கள், அதை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சூட்டிய பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. வைட் தீவின் டைனோசர் மண்ணைவிட இருபது மடங்கு பழசு, ஆனால் அதில் ஓர் எலும்பும் கிடையாது. எண்ணூர்க் கரையில் டைனோசர் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் அதற்கு வேறு இடங்கள் உண்டு. அரியலூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் கடல். காரை கிராமத்துக் கரட்டில் சுருள் சுருளாக அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் ஓடு கிடக்கும். கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே இற்றுப்போயிருந்தவை, மழையும் ஈரமும் பட்டு நொறுங்கிவிட்டன. எஞ்சியவை படங்களும் வரைபடங்களும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது எனக்கு.

சார், பேரன் எடுத்த எலும்பை என்ன செய்தீர்கள்?

தண்டையார்பேட்டை வாத்தியார் | பதிவு 4

அம்மா, எலும்பை அங்கேயே சாண்டவுன் ஊரில் இருக்கிற அருங்காட்சியகத்தில் காட்டினோம். பார்த்துவிட்டுப் பேரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அவன் வைத்திருக்கிறான். முக்கியமானதாக இருந்தால் மட்டும் ஆய்வுக்குக் கேட்பார்களாம். 2019இல் ஷாங்க்ளின் கரையில் மூன்று வெவ்வேறு குழுவினர் சில வார இடைவெளியில் தனித்தனியாக எலும்பு எடுத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே டைனோசரின் முதுகெலும்பும் கழுத்தெலும்பும். 2020இல் அதற்கு வெக்டேரோவெனேட்டர் என்று புதுப்பெயரே வைத்தார்கள். எலும்புக்குள் காற்றறைகள் நிறைந்த வேட்டை விலங்காம். மூவரில் ஒருவர் அதை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தால் கதை அரைகுறையாகத்தான் இருந்திருக்கும்.

நான் கொண்டுவந்தது சின்ன மரத்துண்டு ஒன்று. கறுப்பு நிறம், நடுவே தங்கம் மாதிரி மின்னும். மேசைமேல் வைத்திருக்கிறேன்.

கல்லும் மண்ணும் | பதிவு 5

சார், மேசைமேல் வேண்டாம்! மின்னுவது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது தாங்காது. சில மாதத்தில் வெள்ளையாகப் பூத்து, கந்தக வாடை அடித்து, பொடிப்பொடியாகிவிடும். இன்றைக்கே நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். செருப்புப் பெட்டியில் சிலிக்கா பொட்டலம் வருமே, அதில் நாலைந்தைக் கூட வையுங்கள். பொட்டலத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

திருவொற்றியூர் அம்மா | பதிவு 6

எனக்கு எட்டாவது படிக்கிற மகன் இருக்கிறான். தெருவில் கிடக்கிற கல்லையெல்லாம் பையில் போட்டு வருவான். நீங்கள் பேசுவதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், அரியலூருக்கு இப்போதே கிளம்பலாம் என்கிறான். அவ்வளவு தூரம் கூட்டிப்போக என்னால் இப்போது முடியாது. நம் கரையில் நிஜமாகவே காட்டுவதற்கு ஒன்றும் இல்லையா?

முகத்துவாரத்தான் | பதிவு 7

எல்லோருக்கும் வணக்கம். நான் எண்ணூர். அப்பா, தாத்தா எல்லோரும் கடல் தொழில். நானும் போவேன், மற்ற நாளில் வெல்டிங் பட்டறை. படிப்பு பன்னிரண்டோடு சரி. அதனால் இது சரியா தவறா என்று அந்த அக்காதான் சொல்ல வேண்டும்.

மழைக்காலம் முடிந்து ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வெட்டிக்கொண்டு ஓடிய பிறகு, கழிமுகத்துக்கு உள்ளே ஒரு திருப்பத்தில் கரை கத்தியால் அறுத்த மாதிரி நிற்கும். மேலே இரண்டடி மணல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கும் கீழே கறுப்புச் சேறு. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அந்தச் சேற்றுக்குள் மட்டி வரிசையாக இருக்கும். கடற்கரையில் ஒதுங்குகிற மட்டி மாதிரி ஒற்றை ஓடாகச் சிதறிக் கிடக்காது. இரண்டு ஓடும் சேர்ந்து, வாய் மூடி, யாரோ கையால் நட்டு வைத்த மாதிரி நிற்கும். திறந்தால் உள்ளேயும் சேறுதான். ஆளிச் சிப்பி ஒன்றோடொன்று ஒட்டி முழங்கால் உயரத்துக்குக் கட்டியாக இருக்கும். இப்போது அந்த இடத்தில் உயிரோடு ஆளியே கிடையாது.

பாட்டி அதைப் பழைய ஆத்து மட்டி என்பார். அதைப் பொறுக்கி வந்து சுட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்வார். கல்லாகவில்லை, ஓடாகவே இருக்கிறது. அதனால் இது புதைபடிவக் கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

கல்லும் மண்ணும் | பதிவு 8

தம்பி, இதை மூன்று முறை படித்துவிட்டேன்.

வாய் மூடிய மட்டி என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. மட்டி செத்ததும் இரண்டு ஓடுகளையும் பிணைத்திருக்கிற தசைநார் அழுகிவிடும். அலையில் புரண்டால் ஓடுகள் பிரிந்து போகும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்றால் அது வேறெங்கிருந்தும் வந்து ஒதுங்கியதல்ல. அங்கேயே வாழ்ந்து, அங்கேயே செத்து, சேறு உடனே மூடியிருக்கிறது. ஆளிக் கட்டியும் அப்படித்தான். ஆளி உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில், ஏதாவது கெட்டியான பொருளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வளரும். ஆகவே அந்தத் திருப்பம் ஒரு காலத்தில் காயல். இன்றைய கரை அப்போது அங்கே இல்லை.

பனியுகம் முடிந்து பனி உருக உருகக் கடல் ஏறிக்கொண்டே வந்து, சுமார் 6,000 ஆண்டுக்கு முன்னால் இன்றைய மட்டத்தை ஒட்டி வந்து நின்றது. பழவேற்காடு மாதிரியான காயல்கள் வடிவெடுத்தது அந்தச் சமயத்தில்தான். உங்கள் பாட்டியின் மட்டி அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். சரியான வயது ஓட்டிலுள்ள கார்பனை ஆய்வகத்தில் அளந்தால் வரும். கல்லாகாத இந்த மாதிரி எச்சத்தை அரைப் புதைபடிவம் என்று சொல்வோம். கணக்கில் தாராளமாக வரும். பழவேற்காட்டில் மண்ணுக்கடியில் கிடந்த இதே மாதிரிப் பழங்கிளிஞ்சலை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்புகிற தொழிலே நெடுங்காலம் நடந்தது. பளிங்கு மாதிரி மின்னும் பழைய மெட்ராஸ் சுவர்ப்பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கரை முகத்தைத் தோண்ட வேண்டாம். ஒரு முழக்கோலைப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் படம் மட்டும் எடுங்கள்.

மணலி புதுநகர் | பதிவு 9

எங்கள் வீட்டு போர் போட்டபோது மணலுக்குக் கீழே கறுப்புக் களியும் உடைந்த மட்டியும் வந்தன. மேஸ்திரி "கடல் மண்ணு சார்" என்று சொல்லிவிட்டு வாரிக் கொட்டிவிட்டார். இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. ஒரு பிடி எடுத்து வைத்திருக்கலாம்.

ராயபுரம் பழசு | பதிவு 10

தம்பி சொன்னதைப் படித்ததும் என் எண்ணம் கொஞ்சம் மாறியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் மனதை உறுத்துகிறது.

முதலாவது, அந்தக் கழிமுகம் இப்போது இருக்கிற நிலை. 2017 ஜனவரியில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளியவர்கள் நம் பையன்கள்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய் வந்து, படகு, வலை, அலையாத்தி எல்லாம் கறுத்தது. தம்பி "சாம்பல் நிறப் பட்டை" என்று எழுதியிருப்பது அனல் மின் நிலையச் சாம்பலாகத்தான் இருக்கும். அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சேற்றில் இறக்குவதா?

இரண்டாவது, இதற்கு முன்பும் பலர் வந்திருக்கிறார்கள். கேமராவோடு வருவார்கள், நம்மிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்கள், போய்விடுவார்கள். கரையில் நிற்பவனுக்கு ஒரு டீகூட மிஞ்சாது. நடை என்று ஒன்று நடந்தால் அதை நடத்துபவன் முகத்துவாரத்துத் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். அவருக்குக் கூலி பேசிக் கொடுக்க வேண்டும். படித்தவர்கள் பேச, இவர் வழி மட்டும் காட்டுகிற ஆளாக ஆகக்கூடாது.

தண்டையார்பேட்டை வாத்தியார் | பதிவு 11

இரண்டாவது விஷயத்தில் நான் முழுதாக உங்கள் பக்கம். வைட் தீவில் அந்த அம்மாளுக்கு நாங்கள் பணம் கட்டித்தான் போனோம். அது அவருடைய தொழில், அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. அங்கேயும் கடல் சும்மா விடவில்லை. தென்மேற்குக் கரையை ஒட்டிப் போகும் மிலிட்டரி ரோடு என்ற சாலைக்கும் கடலுக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. எந்தப் புயலுக்கு எவ்வளவு கரை போனது என்பதை அந்த அம்மாள் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன டைனோசர் கதையைவிட அதுதான் என் மனதில் ஆழமாக நின்றது.

கல்லும் மண்ணும் | பதிவு 12

ராயபுரம் அண்ணன் சொன்ன முதல் விஷயத்துக்கு வருகிறேன். சேற்றில் இறங்குவது வேண்டாம், அது உறுதி. தம்பி சொல்கிற வெட்டுமுகத்தை எதிர்க்கரையிலிருந்தோ படகிலிருந்தோ பார்க்க முடியுமென்றால் அதுவே போதும். சாம்பல் பட்டையை மறைக்கவும் வேண்டாம். கீழே ஆளி வாழ்ந்த காயல், அதற்கு மேலே சாம்பல், அதற்கு மேலே மணல். எந்த ஆண்டு எங்கே சாம்பல் படிந்தது, எப்போது எந்த மீன் காணாமல் போனது என்பதைத் தம்பி வீட்டில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு, சேறு எங்கே பழையது, எங்கே புதிது என்பது விரல்நுனியிலேயே தெரியும். நான் நாலு வருடம் கல்லூரியில் படித்ததில் இது இல்லை.

அப்புறம் இன்னொன்று. எண்ணூரில் கடலில் கலக்கிற கொசஸ்தலை ஆற்றங்கரையில்தான், மேலே பூண்டிப் பக்கம், அதிரம்பாக்கம் இருக்கிறது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கால மனிதர் செய்த ஒரு கல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கம் போனார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டு அகழ்ந்து, அந்தக் கற்கருவிகளுக்குச் சுமார் 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். எண்ணூரில் காலையில் காயல் மட்டி, இன்னொரு நாள் அதே ஆற்றின் மேல்கரையில் பூண்டி அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஆற்றை இரண்டு முனையிலிருந்தும் பார்த்ததாக இருக்கும். அங்கே எந்தக் கல்லையும் எடுத்து வரக் கூடாது, பார்ப்பதோடு சரி.

முகத்துவாரத்தான் | பதிவு 13

அண்ணே, நான் நடத்துவேன். அக்கா உடன் வந்தால் தைரியமாக இருக்கும், ஆனால் பேச்சை நானே பேசுகிறேன். பெரியப்பா படகு இருக்கிறது, எட்டுப் பேர் உட்காரலாம். எட்டுக்கு மேல் ஏற்றமாட்டேன். எல்லோருக்கும் மிதவைச் சட்டை நான் ஏற்பாடு செய்கிறேன், போட்டால்தான் படகில் கால் வைக்க விடுவேன்.

நம் கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். அதனால் வற்றம் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். கழிமுகத்தில் அந்த ஒரு மீட்டர் வடிகிறபோது இழுப்பு பலமாக இருக்கும், மணல் திட்டும் நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இன்று ஆள் முழுகும். அதனால் நேரத்தை முதல் நாள் இரவுதான் சொல்வேன். வாத்தியார் சார் பார்த்த அம்மாள் மாதிரி, நான் திரும்பு என்றால் திரும்பிவிட வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் நேற்றே பேசிவிட்டேன். மட்டி பொறுக்கக் கடல் பக்க மணலுக்குப் போகலாம், கழிமுகச் சேற்றுப் பக்கம் வேண்டாம் என்று அவர்களும் சொன்னார்கள்.

திருவொற்றியூர் அம்மா | பதிவு 14

எனக்கும் மகனுக்கும் இரண்டு இடம் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. கூலி எவ்வளவு என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மகன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான். அவன் பொறுக்கி வைத்திருக்கிற மட்டி ஓட்டில் பலவற்றில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊசியால் குத்தியது மாதிரி இல்லை, சுத்த வட்டம், அதுவும் இரண்டு ஓடும் சேர்கிற மூக்குப் பக்கமாகவே இருக்கிறது. யார் போட்டது என்கிறான். இவ்வளவு நாள் கடலில் தேய்ந்து ஓட்டை விழுந்தது என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லும் மண்ணும் | பதிவு 15

அக்கா, அது கொலை நடந்த தடம். மணலுக்குள் ஊர்ந்து போகும் ஒரு வகை வேட்டை நத்தை இருக்கிறது. மட்டியைக் காலால் கட்டிப் பிடித்து, அமிலம் விட்டு மட்டியின் ஓடு இளகச் செய்து, பல் வைத்த நாக்கால் அராவி அராவித் துளைத்து உள்ளே இருக்கிற சதையைத் தின்றுவிடும். உங்கள் மகனை அந்த ஓட்டையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும், புனல் மாதிரிச் சரிவாக இருந்தால் நத்தைதான். கடலில் தேய்ந்த ஓட்டை இவ்வளவு ஒழுங்காக வராது. ஓட்டை விழுந்தது எத்தனை, விழாதது எத்தனை என்று எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பாட்டி மட்டியிலும் இந்த ஓட்டை இருக்கிறதா என்று படகிலிருந்து பார்ப்போம்.

முகத்துவாரத்தான் | பதிவு 16

பாட்டி மட்டியில் ஓட்டை பார்த்த நினைவில்லை அக்கா. ஆனால் அதற்காகத் தேடிப் பார்த்ததும் இல்லை. வீட்டுப் பரணில் பாட்டியின் சுண்ணாம்புக் கூடை இருக்கிறது, அதில் சுடாத மட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கும். இறக்கிப் பார்க்கிறேன்.

திருவொற்றியூர் அம்மா | பதிவு 17

எண்ணிவிட்டான். மொத்தம் 63 ஓடு. ஓட்டை விழுந்தது 17, அதில் புனல் மாதிரி இருப்பது 15. மற்ற இரண்டும் என்ன என்று தெரியவில்லையாம், தனிப் பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்துவிட்டான்.